கழுவிக் காயவைத்த கவருக்குத்தான் காசு: வட சென்னையில் பிளாஸ்டிக் சேகரிப்பவர்களுக்குக் கைகொடுக்க ஒரு வழிகாட்டி

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் இவர்களைப் பார்க்கலாம். தோளில் கோணி, கையில் முனை வளைந்த கம்பி. கார்ப்பரேஷன் வண்டி வருவதற்குள் தொட்டியைக் கிளறி பாட்டில், பால் கவர், அட்டை, தகர டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்கள். மாதச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. காயலான் கடையில் எடை போட்டுக் கொடுக்கும் காசுதான் அன்றைய வருமானம்.

அந்தக் காசு எவ்வளவு என்பது பெரும்பாலும் நம் அடுப்படியிலேயே முடிவாகிவிடுகிறது. சாம்பார் வழிந்த கவரோடும் சோற்றோடும் கலந்து கிடந்த பால் கவரைக் கடைக்காரர் ஓரமாகத் தள்ளிவிடுவார், அல்லது விலையை அடித்துக் கேட்பார். அதே கவர் கழுவிக் காய்ந்து தனியாகக் கிடைத்தால் முழு விலை. நமக்கு அரை நிமிட வேலை. அவர்களுக்கோ குப்பையில் குனிந்து தேடும் நேரம் மிச்சம், எடையில் கழிவு இல்லை, கையில் வெட்டுக்காயம் இல்லை. உதவி செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் பழைய துணியும் தீபாவளிக் காசும் கொடுக்கிறார்கள். கொடுங்கள், தவறில்லை. ஆனால் வருஷம் முழுக்க அவர்களுக்குப் பயன்படுவது சுத்தமான சரக்குதான். அதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யாரிடம் கொடுக்கப் போகிறோம்?

தெருவில் மூன்று விதமானவர்கள் நம் உலர் குப்பையைத் தொடுகிறார்கள். முதலில் கோணியோடு நடந்து வந்து பொறுக்குபவர்கள். அடுத்து மீன்பாடி வண்டி என்னும் மூன்று சக்கர வண்டியிலோ சைக்கிளிலோ ‘பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு’ என்று கூவிக்கொண்டு வந்து காசு கொடுத்து வாங்குபவர்கள். மூன்றாவது, பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர்கள். இவர்கள் மாநகராட்சியிலோ அதன் ஒப்பந்த நிறுவனத்திலோ வேலை செய்பவர்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு போராடியவர்கள் இவர்கள்தான். முதல் இரண்டு வகையினருக்கு எதிர்த்துப் போராடக்கூட ஒரு முதலாளி கிடையாது.

கோணியில் போன பாட்டில் காயலான் கடைக்குப் போகும். கடைக்காரர் வகை பிரித்துச் சேர்த்து மொத்த வியாபாரிக்கு அனுப்புவார். அங்கிருந்து அரைக்கும் பட்டறை. அரைத்த துகளைக் கழுவி, உருக்கி, குருணையாக்கி விற்பார்கள். அதிலிருந்து வாளி, பைப், பாலியஸ்டர் நூல் எல்லாம் வரும். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். சுத்தமாகவும் ஒரே வகையாகவும் இருந்தால் பட்டறையில் தண்ணீர் குறைவு, கழிவு குறைவு. அதனால்தான் அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அழுக்கும் கலப்புமாக இருந்தால் அந்த நஷ்டம் கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கோணியைச் சுமப்பவர் தலையில் விழும்.

பேட்டரி வண்டியில் வரும் அக்காவும் உங்கள் பாட்டிலையும் அட்டையையும் தனியாக எடுத்து விற்று, அதில் வரும் காசில்தான் டீச்செலவைப் பார்த்துக்கொள்வார். அதனால் இத்தனை நாள் அவரிடம் போய்க்கொண்டிருந்த சரக்கைத் திடீரென்று வேறொருவருக்கு மாற்றாதீர்கள். முதலில் அவரிடமே பேசுங்கள். பால் கவரும் பாட்டிலும் அவருக்கு, அட்டையும் ஹார்டு பிளாஸ்டிக்கும் பொறுக்க வரும் அம்மாவுக்கு என்று பிரித்துக்கொண்ட வீடுகள் உண்டு. ஏழைகள் இரண்டு பேரை நம் குப்பைக்காக மோதவிடக் கூடாது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

கவனித்தால் போதும். பிளாஸ்டிக்கை மட்டும் ஒரு தனிப் பையில் போட்டுக்கொண்டே வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பேப்பரை விரித்துக் கொட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பால் கவர், மாவு கவர், மளிகைக் கவர், ஹோட்டல் பார்சல் டப்பா, பிஸ்கட் சிப்ஸ் உறை, ஷாம்பு சாஷே, ஒன்றிரண்டு பாட்டில் இருக்கும். எது அதிகமோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே சரி செய்யப் பார்த்தால் பத்து நாளில் அலுத்துப்போகும்.

பால் கவர்

தினமும் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் இதுதான். ஆவின் நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, கவர் எல்லாமே மென்மையான பாலித்தீன். காயலான் கடைகளில் நிச்சயமாக வாங்கும் சரக்கு. இருந்தும் முக்கால்வாசி வீடுகளில் இது வீணாகத்தான் போகிறது.

வெட்டும்போதே ஆரம்பிக்கலாம். மூலையைக் கத்தரித்துத் துண்டாக எடுத்துவிடாதீர்கள். அந்த நகத்தளவு துண்டை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடையில் ஓடி, கால்வாயில் சேர்ந்து, கடலுக்குத்தான் போகும். முக்கால் பாகம் வெட்டி, துண்டு கவரோடு தொங்கும்படி விடுங்கள். பாலை ஊற்றிய கையோடு கவருக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பால் பாத்திரத்திலோ செடித் தொட்டியிலோ ஊற்றுங்கள். பிறகு மேல்பக்கத்தை முழுக்கக் கத்தரித்துத் திறந்து, சுவர் டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். ஈரத்தில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், காய்ந்ததும் தானாகவே விழும். துணிக் கிளிப்பில் மாட்டினாலும் சரி. மறுநாள் காலையில் எடுத்து ஒரு பெரிய கவருக்குள் அடுக்குங்கள், அவ்வளவுதான். கழுவாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். பிறகு கரப்பான் வரும், வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், உங்கள் முயற்சியும் அன்றோடு நின்றுவிடும்.

இட்லி மாவு கவர் கொஞ்சம் தொல்லை. மாவு காய்ந்து ஒட்டிவிட்டால் தேய்த்தாலும் போகாது. வழித்த கையோடு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாத்திரம் ஊறும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் கவரை ஒருநாள் கவிழ்த்து வைத்து, வடிந்த எண்ணெயைத் தாளிக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறகு பாத்திரம் தேய்த்த கடைசித் தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும்.

இதற்கென்று குழாயைத் திறக்காதீர்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் தாராளமாகப் போதும். பளபளவென்று ஆக வேண்டிய அவசியம் இல்லை. நாற்றமும் ஒட்டலும் இல்லாமல் காய்ந்திருந்தால் போதும்.

பாட்டிலும் டப்பாவும்

தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் காலி செய்து, காற்றை வெளியேற்றி நசுக்கி, மூடியை மறுபடி திருகிவிடுங்கள். நசுக்கினால் ஒரு கோணியில் பல மடங்கு கொள்ளும். நடந்து சுமப்பவருக்கு இது பெரிய விஷயம். நசுக்கிய பாட்டிலில் மறுபடி தண்ணீர் நிரப்பி விற்கவும் முடியாது. மூடி வேறு வகை பிளாஸ்டிக். ஆனாலும் பாட்டிலோடு போனால் பிரச்சினை இல்லை. பட்டறையில் அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது மூடித்துகள் மிதக்கும், பாட்டில்துகள் மூழ்கும். தனியாகக் கழற்றிப் போட்ட மூடிதான் தொலைந்துபோகும். உங்களிடம் வாங்குபவர் மூடியைத் தனியாகக் கேட்டால் மட்டும் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள்.

பினாயில், பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் திரவ பாட்டில்களில் கூடுதல் கவனம் வேண்டும். அடியில் கொஞ்சம் தங்கியிருந்தால் அது கோணிக்குள் வழிந்து அவர் முதுகில்தான் இறங்கும். இரண்டு மூன்று முறை அலசி, கழிப்பறையில் கொட்டி, மூடி இல்லாமல் கவிழ்த்துக் காயவையுங்கள். ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பாட்டிலையும் ஒன்றாக வைத்து அலசாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலை எரிக்கும்.

கையில் எடுத்தால் எது என்று எப்படித் தெரியும்?

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில். 2 என்றால் எச்டி, ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன். 3 பிவிசி, பைப்பும் ஒயர் உறையும். 4 எல்டி, பால் கவர் ரகம். 5 பிபி, பார்சல் டப்பா, நாற்காலி. 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோல் இதில்தான் சேரும். 7 மற்ற எல்லாம். பொதுவாக 1, 2, 4, 5 விலை போகும். மற்றவை கடைக்குக் கடை மாறும்.

எண்ணே இல்லாத பொருள்தான் நம் தெருவில் அதிகம். காயலான் கடை வாசலில் சற்று நின்று பாருங்கள். மூட்டையைக் கொட்டிப் பிரிக்கும் பெண்கள் எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஒரு டப்பாவை விரலால் சுண்டுவார்கள். கண்ணாடி மாதிரி டிங் என்றால் ஒரு குவியல், மந்தமாக டொக் என்றால் இன்னொரு குவியல். ஓரத்தை வளைப்பார்கள். வெள்ளைக் கோடு விழுகிறதா, உடைகிறதா, வளைந்து திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கவரைக் கசக்கிச் சத்தத்தைக் கேட்பார்கள். எல்லாம் ஒரு நொடிக்குள். எந்தப் பட்டயமும் இல்லாத இந்த அறிவுதான் நம் ஊரின் மறுசுழற்சித் தொழிலைத் தாங்கி நிற்கிறது. இதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாம் அந்த அளவுக்குக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு அழுத்திவிடுங்கள். பாலித்தீனும் (எச்டி, எல்டி) பிபியும் மேலே வரும். பெட்டும் பிவிசியும் கீழே போகும். வீட்டில் நான்கு பை வைத்தால் போதும்: பாட்டில், பால் கவர் ரகம், கெட்டி டப்பா, விலை போகாதது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிவிசி துண்டைப் பாட்டில் பையில் போடக் கூடாது. பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி கருகி அமிலம் விடும். கொஞ்சம் கலந்தாலும் மொத்தச் சரக்கும் மஞ்சளடித்துப்போகும்.

கறுப்பு பார்சல் டப்பாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் பிபிதான். ஆனால் கறுப்பிலிருந்து கறுப்புதான் வரும் என்பதால் விலை குறைவு. பிரியாணி மசாலா ஒட்டியிருந்தால் அதுவும் இல்லை.

கோணிக்குள் போகவே கூடாதவை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

குப்பையைக் கிளறும் கைக்குக் கையுறை கிடையாது. இருந்தாலும் மெல்லிசானது, ஊசி தாங்காது. நாம் யோசிக்காமல் போடும் பிளேடு, உடைந்த டியூப்லைட், சர்க்கரைக்குப் போடும் ஊசி, சானிட்டரி நாப்கின், குழந்தையின் டயப்பர், பெரியவர்களுக்குப் போட்ட டயப்பர் எல்லாமே அந்தக் கையில்தான் படுகின்றன. ஊசி குத்தினால் மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் பரவ வழியுண்டு. வெட்டுக்காயம் சீழ் பிடித்தால் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாது, ஒரு வாரம் வீட்டில் அடுப்பெரியாது.

நாப்கினையும் டயப்பரையும் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டி, சிவப்புப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். ஊசியையும் பிளேடையும் கெட்டியான டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் ஒட்டி, அதே குறி போட்டு வண்டிக்காரரிடம் கையில் கொடுத்து என்ன என்று சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டையில் சுற்றுங்கள். பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை, பூச்சி மருந்து பாட்டில் எல்லாம் தனி. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல்தான் வைத்தன. கழிவு சேகரிப்பவர்களை அடையாளம் கண்டு அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னதும் அதே விதிகள்தான்.

ஒயர் கிடைத்தால் உறையோடு அப்படியே கொடுங்கள். ‘எரித்தால் செம்பு தனியா வரும்’ என்று யாராவது சொன்னாலும் உங்கள் காலி மனையில் எரிக்க விடாதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை முதலில் எரிப்பவரையும் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளையும்தான் பாதிக்கும்.

ஆளைத் தேடிப் பேசுவது

செயலியில் தேட வேண்டாம். உங்கள் தெருவுக்கு ஏற்கெனவே ஒருவர் வந்துகொண்டிருப்பார். இரண்டு நாள் சீக்கிரம் எழுந்து வாசலில் நின்றால் தெரிந்துவிடும். டீக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

கூப்பிடும் விதம் முக்கியம். ‘ஏய் குப்பை’ என்று கூப்பிடுவதைத் தினமும் கேட்கிறார்கள். வயதுக்குத் தகுந்தபடி அக்கா, அண்ணே, அம்மா என்று கூப்பிட்டால் பாதிப் பேச்சு முடிந்தமாதிரி. அப்புறம் எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யாமல் அவரையே கேளுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

‘அக்கா, பால் கவர் கழுவி எடுத்து வச்சிருக்கேன். எடுத்துக்கிறீங்களா?’

‘குடும்மா. காஞ்சிருக்கா? ஈரமா இருந்தா கடையில எடை கழிச்சுடுவான்.’

‘காஞ்சதுதான்க்கா. இந்த சிப்ஸ் கவர்?’

‘அது வேணாம்மா. யாரும் வாங்க மாட்டாங்க. அட்டை இருந்தா குடு.’

எது போகும், எது போகாது, எந்தக் கிழமை வருவார், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். அந்தக் கிழமையில் நீங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நம்பி நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பினால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். வெயில் காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுங்கள். அடுக்ககத்தில் வாட்ச்மேன் அறைக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதியுங்கள். தெருவில் வேலை செய்யும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அவர்களாக வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஒருவேளை பிள்ளைகள் கோணியோடு வந்தால்? துரத்தாதீர்கள், பையையும் கையில் கொடுக்காதீர்கள். பெற்றோர் யார் என்று விசாரித்து, பெரியவர் வந்தால் தருகிறேன் என்று சொல்லுங்கள். 14 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. பக்கத்து மாநகராட்சிப் பள்ளி ஆசிரியரிடம் சொன்னால் சேர்க்க வழி செய்வார். ஆபத்தான நிலையில் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

காசு வாங்குவதா, சும்மா கொடுப்பதா?

என் அபிப்பிராயம்: கோணியோடு நடந்து வருபவருக்குச் சும்மா கொடுங்கள். வண்டியோடு வந்து காசு கொடுத்து வாங்குபவரிடம் நியாயமான காசு வாங்கலாம், ஆனால் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு வாதம் செய்ய வேண்டாம். அவர் கடையில் விற்கும் விலை நிலையானதல்ல. கச்சா எண்ணெய் இறங்கினால் புதிய பிளாஸ்டிக் மலிவாகும், பழைய பிளாஸ்டிக்கைக் கேட்க ஆள் இருக்காது, விலை சரியும். போன மாதம் கொடுத்த விலையை இந்த மாதம் கொடுக்கவில்லை என்றால் உடனே ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

காயலான் கடைக்காரரை வில்லனாக்கவும் வேண்டாம். அவர் இல்லாவிட்டால் அந்தக் கோணியை வாங்க ஆள் இல்லை. அதே சமயம் மழைக்கும் மருத்துவச் செலவுக்கும் முன்பணம் வாங்கியவர்கள் அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாமல், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும். வெளியிலிருந்து போய் இதை உடைக்க முயன்றால் அடுத்த அவசரத்துக்குக் கடன் கிடைக்காமல் போகும். நம்மால் முடிவது சரக்கின் தரத்தை உயர்த்துவது. வகை பிரித்த, காய்ந்த, ஒரே ரகச் சரக்கை எந்தக் கடையும் வேண்டாம் என்று சொல்லாது. பேரம் பேச அவர்களுக்கு அதுவே ஒரு பிடி. கடையில் எலக்ட்ரானிக் தராசில் முத்திரை இருக்கிறதா, எடைக்கு முன் சைபர் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

தெருவோ அடுக்ககமோ சேர்ந்து செய்தால்

ஒரு வீட்டுப் பால் கவருக்காக ஒருவர் மூன்று மாடி ஏறுவது கட்டுப்படியாகாது. பத்து வீடு சேர்ந்தால் கட்டுப்படியாகும். மாடிப்படிக்கு அடியில் மழை படாத இடத்தில் மூன்று கோணியைத் தொங்கவிட்டு, வெளியே ஒரு பாட்டிலையும் ஒரு பால் கவரையும் ஒரு டப்பாவையும் மாதிரியாகக் கட்டிவிடுங்கள். எழுதி ஒட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. வாரம் ஒரு நாள், குறித்த நேரம். வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லி, சங்கத்தின் லெட்டர்பேடில் ‘இன்ன கிழமை வந்து உலர் கழிவு எடுக்க இவருக்கு அனுமதி உண்டு’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். தெருவில் எது தொலைந்தாலும் முதலில் சந்தேகப்படுவது கோணி தூக்குபவரைத்தான். அந்தத் தாள் அவருக்கு ஒரு பாதுகாப்பு. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் பதியலாம். வண்டி ஓட்டும் பெண்ணிடம் கத்துவதில் பயனில்லை. தனித்தனித் தொட்டி இல்லாத வண்டியை அவருக்குக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

மழை

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் மாறிவிடும். நனைந்த அட்டை கூழாகும், ஈரக் கவரைக் கடை வாங்காது, தெருவில் முழங்கால் தண்ணீர். சேகரிப்பவருக்கு வருமானமே இல்லாத மாதங்கள் இவை. முடிந்தவர்கள் அந்த நாட்களில் சரக்கை வீட்டிலேயே காயவைத்துச் சேர்த்து, மழை விட்டதும் மொத்தமாகக் கொடுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா மூன்றிலும் மதகையும் பாலத்து அடியையும் அடைப்பதில் கவருக்கும் தெர்மோகோலுக்கும் பெரிய பங்கு உண்டு. வியாசர்பாடியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விலை போகாததை என்ன செய்வது?

சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே, காபித்தூள் உறை எல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல அடுக்காக ஒட்டியவை. பிரிக்க முடியாது, அதனால் வாங்க ஆளில்லை. சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாக எரிப்பதுதான் அதிகபட்சப் பயன். பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது பேப்பர் கணக்கிலும் சேராது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் டீக்கடையில் இன்றும் கிடைக்கிறது. இவற்றை ‘உங்களுக்கு உதவுமே’ என்று சேகரிப்பவர் தலையில் கட்டாதீர்கள். சுமை மட்டும்தான் மிஞ்சும். சாஷேவுக்குப் பதில் பெரிய பாட்டில், பார்சல் டீக்கு பிளாஸ்க், பிரியாணிக் கடைக்குத் தூக்குச்சட்டி, காய்கறிக்கு மஞ்சப்பை. வாங்காமல் விடுவது ஒன்றுதான் இந்த வகைக்கு வழி.

நாம் கலந்து போடுவது எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். சுமார் 340 ஏக்கர் குப்பை மேடு. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொண்டுவரும் திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள், நியாயமாகத்தான் எதிர்க்கிறார்கள். ஈரக் குப்பை எரியாது. அந்த உலை நன்றாக எரிய வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கும் பேப்பரும்தான் வேண்டும். அதாவது இப்போது ஒருவர் பொறுக்கி விற்று வயிற்றைக் கழுவும் சரக்கு.

முடிந்தால் இதையும் செய்யுங்கள்: காகித வேலை

சில மாதம் பழகிய பிறகு, சேகரிப்பவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும், ஆவணங்களைப் பற்றிக் கேளுங்கள். மூன்று விஷயம் பார்க்கலாம்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பொதுச் சேவை மையத்தில் கட்டணம் இல்லை. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று பொதுவாகப் போட்டுவிடாமல், கழிவு சேகரிப்பவர் என்றே பதியச் சொல்லுங்கள். சந்தேகத்துக்கு 14434 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடுத்தது ‘நமஸ்தே’ திட்டம். முதலில் கழிவுநீர், செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்கு மட்டும் இருந்ததில், 2024 ஜூனில் கழிவு சேகரிப்பவர்களையும் சேர்த்தார்கள். கணக்கெடுத்து அடையாள அட்டை, பாதுகாப்புச் சாதனங்கள், மருத்துவக் காப்பீடு கொடுப்பது இதன் நோக்கம். உங்கள் மண்டல அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளரிடம் கணக்கெடுப்பு பற்றிக் கேட்டு, சேகரிப்பவரைக் கூடவே அழைத்துப் போங்கள். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்றால் உள்ளே உட்காரச் சொல்வார்கள். அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இருக்கிறது.

மூன்றாவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதற்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். வாடகைக்கு மாறி மாறி இருப்பவர்களிடம் பழைய முகவரி அட்டைதான் இருக்கும், ஆதாரில் இருக்கும் போன் எண் எப்போதோ தொலைந்த எண்ணாக இருக்கும். அதனால் எந்தப் பதிவுக்கும் முன்னால் ஆதார் மையத்துக்குப் போய் போன் எண்ணை மாற்றுங்கள். போகிற அன்றைக்கு அவர் வேலைக்குப் போக முடியாது. அந்த நாளின் கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.